ஏப்பம் வரும்வரை

தட்டிக்கொண்டே இருங்கள், ஏப்பம் வந்துவிடும் என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ், சிரிக்கவே தெரியாத பெண், வரவில்லை, தோளில் போட்டுத் தட்டுகிறேன், தடவுகிறேன், கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடக்கிறேன், திரும்புகிறேன், காலண்டர், டிவி, செருப்பு ஸ்டாண்டு, மறுபடி காலண்டர். ஒரு பூசணிக்காய் அளவுக்குக் கனம் இல்லை, இதற்கு இவ்வளவு தொண்டை. காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு கத்துகிறது. முழங்காலை வயிற்றுக்கு இழுக்கிறது, முகம் மாதுளம்பழம் மாதிரி ஆகிறது, மூச்சை நிறுத்துகிறது, ஒரு கணம் வீடே நின்றுபோகிறது, பிறகு ஒரே வீச்சாக. கத்து. மின்வாரியத்தில் இருந்த காலமெல்லாம் போனில் கேட்ட குரல்தான். கரண்ட் போச்சு சார். எந்தத் தெரு? கரண்ட் போச்சு சார். உங்க வீட்ல மட்டுமா, தெரு முழுக்கவா? சார், புள்ளைங்க வேர்த்துப்போய்க் கிடக்குது சார், நீங்கல்லாம் சம்பளம் வாங்குறீங்கல்ல. எங்கே வலிக்கிறது என்று சொல்லமாட்டான், வலிக்கிறது என்று மட்டும் சொல்வான். இவளும் அப்படித்தான். பிறந்து மூன்று வாரம், இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, அதற்குள் புகார். யாரிடம் கொடுக்கிறாய் புகாரை? நான் ஓய்வுபெற்றுவிட்டேன், தெரியுமா உனக்கு? தெரியாது. உனக்கு ஒன்றும் தெரியாது. பால் குடிக்கத் தெரியும், அதோடு சேர்த்துக் காற்றையும் குடிக்கத் தெரியும், குடித்த காற்றை வெளியே விடத் தெரியாது. காற்றை விடுவதற்குப் பள்ளிக்கூடமா வைப்பார்கள்? என்ன பிறவி இது. ஒரு ஆட்டுக்குட்டி விழுந்த அன்றைக்கே எழுந்து நிற்கிறது.

மெதுவாகக் கத்து, உள்ளே உன் அம்மா தூங்குகிறாள். கதவைச் சாத்தியிருக்கிறேன், கதவா அது, அட்டை. நேற்று ராத்திரி முழுக்க நித்யகலா உட்கார்ந்தே இருந்தாள், இப்போதுதான் சாப்பாட்டு வேளைக்கு மேல் இவளுக்குப் பால் கொடுத்துவிட்டு, என் கையில் திணித்துவிட்டு, "அழுதா எழுப்புங்கப்பா" என்றாள். சரி என்றேன். எழுப்பமாட்டேன். கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி இருக்கிறது அவளுக்கு. எழுப்பினால் என்ன செய்வாள், மறுபடி மார்பில் போடுவாள், இவள் மறுபடி காற்றைக் குடிப்பாள், மறுபடி கத்துவாள், அவள் மறுபடி அழுவாள், என் பால்ல என்னமோ இருக்குப்பா என்பாள். அந்தப் பேச்சுதான் எனக்கு ஆகாது. பால் ஒத்துக்கலை. யார் கண்டுபிடித்த வார்த்தை அது? சம்பந்தியம்மாள் கண்டுபிடித்தது. சௌந்தரம். மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் அம்மா கரூரிலிருந்து போனில் பிள்ளை வளர்க்கிறாள். காலையில் வந்த போனை நித்யா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அடுப்படியில் நின்று கேட்டேன். "ஏம்மா, மூணு வாரமா புள்ள அழுதுக்கிட்டே இருக்குதுன்னா பால் ஒத்துக்கலைன்னுதானே அர்த்தம். நான் இன்னைக்குப் புறப்பட்டு வர்றேன், பால் பவுடர் டப்பா வாங்கிட்டேன். வந்து பாப்பேன், அப்பவும் அழுதுச்சுன்னா இன்னையோட தாய்ப்பாலை நிறுத்திடுவோம். என்ன சொல்ற?" சரிங்க அத்தை என்றாள் நித்யா. அந்தச் சரிங்க அத்தை. அந்தக் குரலை நான் என் பெண்ணிடம் கேட்டதில்லை. கணக்கில் தோற்றபோதுகூட, சார் தப்பா திருத்திட்டார்ப்பா என்று என்னிடம் சண்டைக்கு வந்தவள். வாயை மூடு, வாயை மூடு, உன்னைத்தான், நீ இப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் படியேறி வந்தால் முடிந்தது கதை. உன் சாப்பாட்டைத்தான் நிறுத்தப்போகிறார்கள், அறிவுகெட்டவளே, எனக்கென்ன.

அம்மா இல்லாத வீட்டில் எப்படிப் பிரசவம் பார்ப்பீங்க என்று ஆரம்பத்திலேயே கேட்டாள் சௌந்தரம். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு என்பது வழக்கம்தான், ஆனா தாய் வேணும்ல சம்பந்தி? நித்யாதான் பிடிவாதம் பிடித்தாள், அப்பா பார்த்துப்பார் என்றாள். அப்பா பார்த்துக்கொள்கிறேன். சமைக்கிறேன். பத்தியச் சமையல். என் ஜென்மத்தில் இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை. பிள்ளை அழுதது, உருளைக்கிழங்கு கூடாது என்று கரூரிலிருந்து உத்தரவு வந்தது. நிறுத்தினேன். மறுநாளும் அழுதது, துவரம்பருப்பு கூடாது. நிறுத்தினேன். அழுதது, வாழைக்காய், கோஸ், அவரைக்காய், பட்டாணி, தயிர், மாதுளை, மாதுளை என்ன பாவம் செய்தது என்று கேட்டேன், குளிர்ச்சி என்றாள். ஒவ்வொரு அழுகைக்கும் தட்டிலிருந்து ஒன்று எடுபட்டது. இப்போது என்ன மிச்சம்? சோறு, மிளகு ரசம், பூண்டு, சுட்ட அப்பளம், கறுப்பாக ஒரு லேகியம். ஒரு பிள்ளைக்குப் பால் ஊற வேண்டிய உடம்புக்கு மிளகு ரசம். அவள் தட்டைப் பார்த்துவிட்டு என் தட்டைப் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்துபோவாள். உருளைக்கிழங்கு வாயு, சம்பந்தி. வாயு எப்படிப் போகும்? அவள் குடலில் இருக்கிற காற்று ரத்தத்தில் ஏறி, மார்புக்கு வந்து, பாலில் குமிழியாகக் கலந்து, இவள் வயிற்றுக்குள் இறங்கி மறுபடி காற்றாகுமாம். கம்பியே இழுக்காத வீட்டில் ஷாக் அடித்தது என்று எழுதிக்கொடுத்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் தேவலாம். ஆனால் நிறுத்தினேனே. போனில் சரி சரி என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்தினேனே. ஏன்? பிள்ளை விஷயம், நமக்கென்ன தெரியும் என்று. ஒருவேளை இருக்குமோ என்று. அந்த ஒருவேளை இருக்கிறதே, அதைவிட மட்டமான சொல் கிடையாது. நேற்று பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசச் சொன்னாள், அதையும் செய்தேன், இவள்மேல் இன்னும் சாம்பார் வாசனை அடிக்கிறது. சாம்பார் சாப்பிடக் கூடாத தாய்க்குச் சாம்பார் வாசனையில் ஒரு பிள்ளை.

இந்திராணி இருந்திருந்தால் சிரித்திருப்பாள். இல்லை, சௌந்தரத்தோடு சண்டை போட்டிருப்பாள், சிரிப்பு அப்புறம். நித்யா பிறந்தபோது இந்திராணிக்கும் இதே பத்தியம்தான், அவள் அம்மா வீட்டில், லால்குடியில், உள் அறையில் பாயில் உட்காரவைத்துப் பூண்டு பூண்டாக ஊட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனால், மற்றவர்கள் எழுந்துபோகிறவரை காத்திருந்து, புள்ளையப் பாக்க வந்தீங்களா, இல்ல சும்மா வந்தீங்களா என்பாள். என் சட்டைப்பையில் காராச்சேவு இருக்கும். பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் வைப்பாள், ராத்திரி விளக்கணைத்ததும் ஒவ்வொன்றாகச் சத்தம் வராமல் ஊறவைத்து ஊறவைத்துத் தின்பாளாம். காரமும் கடலைமாவும் பூண்டும், வாயுவுக்கே தகப்பன். நித்யா அழுதாளா? அழுதாள். காராச்சேவு வாங்கிப்போகாத வாரம்? அன்றைக்கும் அழுதாள். தின்றாலும் அழுதாள், தின்னாவிட்டாலும் அழுதாள், அப்புறம் ஒருநாள் அழுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான் கதை. ஆறு வருடமாகிறது இந்திராணி போய், அந்தத் தலையணை எங்கே போனதென்றுகூடத் தெரியாது, இந்தச் சேவு வாசனை மட்டும் எங்கிருந்து வருகிறது மூக்குக்கு. சேவு இல்லை, இது வேறு வாசனை. அடுப்படியிலிருந்து வருகிறது. இரு, கத்தாதே, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன், எனக்கும் தொண்டை இருக்கிறது.

சட்டி. மூடியாக வைத்திருந்த தட்டு தள்ளிக் கிடக்கிறது. காலையில் எனக்கென்று மொச்சைக்குழம்பு வைத்தேன், ராத்திரியே ஊறப்போட்ட மொச்சை, கத்தரிக்காயோடு, புளி தூக்கலாக. மிளகு ரசத்தை நானும் எத்தனை நாளைக்குக் குடிப்பது? இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மிச்சம் ராத்திரிக்கு என்று மூடிவைத்துவிட்டு, ரேஷன் கடைக்குப் போனேன். சட்டி இப்போது காலி. காலி என்றால் விரலால் வழித்த காலி, அடியில் விரல் தடம் கோடு கோடாக. தொட்டித் தண்ணீரில் ஒரு தட்டு, ஓரத்தில் ஒட்டின சோற்றுப்பருக்கை, ஒரு மொச்சைத் தோல். ஆக நித்யா தின்றிருக்கிறாள். நின்றபடியே தின்றிருப்பாள், வாசலைப் பார்த்துக்கொண்டே. இந்தக் குடும்பத்துப் பெண்களுக்குத் திருட்டுத் தீனி ரத்தத்திலேயே இருக்கிறது. சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. காலையில் தின்றிருக்கிறாள், அதற்கப்புறம் பால் கொடுத்திருக்கிறாள், இவள் இப்போது முழங்காலை மடக்கிக்கொண்டு நீலம் பாரிக்கிற மாதிரி கத்துகிறாள். மொச்சை. சௌந்தரத்தின் சட்டப்படி மொச்சை கொலைக்குற்றம். இது நேற்றைய அழுகையா? நேற்றைவிடப் பெரிதா? காதை வைத்துக் கேட்கிறேன், ஆள் பைத்தியம், அழுகைக்கு என்ன மீட்டரா இருக்கிறது. நேற்றும் இப்படித்தான் கத்தினாள், நேற்று மிளகு ரசம்தான். முந்தாநாளும் மிளகு ரசம்தான், முந்தாநாள் இதைவிட மோசம். மோசம்தானே? இல்லை இப்போதுதான் மோசமா? வயிற்றைத் தொடுகிறேன், டமாரம் மாதிரி விறைத்திருக்கிறது, என் உள்ளங்கையில் அடங்கிவிடுகிற டமாரம். ஒருவேளை. மறுபடி அந்தச் சொல். ஒருவேளை அந்த அம்மாள் சொல்வது. ஒருவேளை கரூர்க்காரிகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத்தான். சீ. ஒரு சட்டி மொச்சைக்குப் பயந்து நடுங்குகிறேன், இந்த வயதில். நித்யா எழுந்து வந்து, அத்தை முகத்தைப் பார்த்ததும் ஒப்புக்கொள்வாள், நான் தின்னுட்டேன் அத்தை, அதான் அழுவுது என்பாள், பொய் சொல்ல வராது அவளுக்கு, டப்பாவைத் திறப்பார்கள், அதற்கப்புறம் ஆயுசுக்கும் நம்புவாள், தன் உடம்பில் ஊறினது விஷம் என்று. தட்டைக் கழுவினேன், ஒரு கையால், இவளை மறு தோளில் போட்டுக்கொண்டு. சட்டியையும் கழுவினேன். வாசனையைக் கழுவ முடியவில்லை.

போன். தூங்குகிறவளை எழுப்பிவிடப்போகிறது, ஓடிப்போய் எடுத்தேன். "சம்பந்தி, குளித்தலை தாண்டிட்டோம். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவேன். யாரு அழுவுறது, புள்ளையா?" இல்லை, டிவி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆமாம் என்றேன். "பாத்தீங்களா? நான்தான் சொன்னேன்ல. நித்யா எங்க?" "தூங்குறா." "புள்ளய அழவிட்டுட்டுத் தூங்குறாளா?" "தூங்கட்டும்." "உங்களுக்கு என்ன தெரியும் புள்ள வளக்குறதப் பத்தி? ரெண்டு சொட்டு ஓமத்தண்ணியாச்சும் குடுங்க." "குடுக்கமாட்டேன்." "ஏன்?" "குடுக்கமாட்டேன்." வைத்துவிட்டாள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டர் அதட்டின அதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. அவனும் ஒரு ஆள், பேனாவை மூடாமலே அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறவன், எல்லாப் பிள்ளையும் அழும் சார், எடை ஏறுது, மூத்திரம் போகுது, வாந்தி ஜுரம் இல்ல, போய்ட்டு வாங்க என்றான். எல்லாப் பிள்ளையும் அழுமாம். இதைக் கேட்கவா அவ்வளவு நேரம் பெஞ்சில் உட்கார்ந்தோம்? தோளில் பிரயோசனமில்லை. நித்யா போனில் ஒரு வீடியோ காட்டினாள், ஒரு தாடிக்காரன், வெள்ளைக்காரன், பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டுக்கொண்டு, கிளையில் படுத்த பூனை மாதிரி, நடனம் ஆடுகிறான், பல்லைக் காட்டிக்கொண்டு. வேலைவெட்டி இல்லாத பயல் என்றேன். பாருங்கப்பா, எவ்ளோ நல்லாருக்கு என்றாள். பார்த்தேன். இப்போது செய்து பார்க்கலாம், யாரும் இல்லை. தலை முழங்கை மடிப்பில், உடம்பு முன்கையோடு, கால் இரண்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், உள்ளங்கை அடிவயிற்றுக்குக் கீழே. முகம் வெளியே பார்க்கிற மாதிரி, மூச்சு முட்டாமல். கைக்குள் அடங்குகிறாள். நடனமெல்லாம் ஆடமாட்டேன். கொஞ்சம் ஆட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

காலண்டர், டிவி, செருப்பு ஸ்டாண்டு. உள்ளங்கையில் அந்த வயிறு. உள்ளே ஏதோ உருள்கிறது, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வருமே அந்த மாதிரி ஒரு கடகட. அது இந்தப் பக்கம் வருகிறது, நிற்கிறது, அந்தப் பக்கம் போகிறது. வழி தெரியாத காற்று. உன்னை மாதிரியே முட்டாள் காற்று. கத்தல் கொஞ்சம் கம்மியாகி முனகலாகிறது, மறுபடி கூடுகிறது. சௌந்தரம் இப்போது முக்கொம்பு வந்திருப்பாள். வரட்டும். கார் டிரைவரிடம் பேசிக்கொண்டே வருவாள், மருமகளுக்கு விவரம் பத்தாது, அவங்கப்பாருக்கு அதுகூடப் பத்தாது. டப்பா மடியில் இருக்கும். டப்பா ஒன்றும் விஷமில்லை, பால் இல்லாதவர்கள் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் வளர்கின்றன, அது எனக்குத் தெரியும். ஆனால் நித்யாவுக்குப் பால் இருக்கிறதே. ஜாக்கெட் நனைந்துபோகிற அளவுக்கு இருக்கிறதே. இருக்கிறதை ஆகாது என்று ஒருத்தி சொல்ல, இருக்கிறவள் சரிங்க அத்தை என்று சொன்னாளே. காலண்டர். டிவி. விடு, விட்டுத் தொலை, இவ்வளவு நேரம் சுமக்கிறேனே, ஒரு மரியாதைக்காவது விடு. உன்னால் ஆகாதா? இவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு? கால் விறைத்தது. உடம்பு முழுக்க விறைத்தது. என் கையில் ஒரு அதிர்வு, பிறகு அந்தச் சத்தம், நீளமாக, கிழடு தட்டின ஆம்பிளை விடுகிற மாதிரி, வெட்கம் மானம் இல்லாமல், இன்னொன்று, அதற்குப் பின்னால் சூடாக, துணியெல்லாம் மஞ்சள். தூக்கி நிமிர்த்தினேன், ஏப்பம், தோள்மேல் திரிந்த பால் ஒரு கரண்டி. அப்புறம் ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம். இவ்வளவு நேரமும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததா? துணியை மாற்றித் திரும்ப முன்கையில் போட்டேன். கை இரண்டும் தொங்க, வாய் திறந்தபடி, எந்தப் புகாரும் இல்லாமல், தூங்கிவிட்டாள். கழுதை.

கீழே கார்க் கதவு. படியில் மூச்சு வாங்குகிற சத்தம், வளையல், பை. கதவைத் தட்டுவதற்கு முன்னால் திறந்தேன். சௌந்தரம் ஒரு கையில் பையும் மறுகையில் டப்பாவுமாக நின்றாள், சத்தமாகச் சொல்ல எதையோ தயாராக வைத்திருந்த வாய். இவளைப் பார்த்தாள். என் தோளில் வழிந்ததைப் பார்த்தாள். "தூங்குதா?" என்றாள், கிசுகிசுப்பாக. தெரியவில்லையா என்றேன். உள்ளே வந்தாள், செருப்பைக் கழற்றினாள், நின்றாள், மூக்கு ஒருதரம் விரிந்தது. அந்த மூக்குக்குத் தப்புமா. "மொச்சை வாசனை அடிக்குது." "அடிக்கும்." "யாரு சாப்ட்டது?" "நான்தான்." "பத்திய வீட்ல மொச்சையா? அவ பாத்துட்டு ஏங்கமாட்டாளா?" உள்கதவு திறந்தது. நித்யா தலைமுடியெல்லாம் பறக்க நின்றாள், ஒரு கன்னத்தில் தலையணைச் சுருக்கம். இவளைத்தான் முதலில் பார்த்தாள், என் கையில் தொங்குகிற இரண்டு காலை, திறந்த வாயை. கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், "அப்பா ரெண்டு கரண்டிதான் சாப்ட்டார். மிச்சச் சட்டி முழுக்க நான்தான் அத்தை" என்றாள். சரிங்க அத்தை என்ற குரல் இல்லை. கணக்கு வாத்தியாரைத் திட்டின குரல்.

"எப்போ?" என்றாள் சௌந்தரம். "காலையில." "அப்புறம் பால் குடுத்தியா?" "குடுத்துக்கிட்டேதான் இருக்கேன்." சௌந்தரம் டப்பாவோடு என் பக்கம் வந்தாள், குனிந்தாள், இவள் முதுகில் காதை வைத்தாள், எதைக் கேட்டாளோ. நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "எம் மாமியா எனக்கு மூணு புள்ளைக்கும் ஒரு மொச்சையக் கண்ணுல காட்டல. பக்கத்து வீட்ல பருப்பு தாளிச்சாக்கூட எழுந்துபோய் ஜன்னலச் சாத்தும், எனக்கு வாசனை வரக்கூடாதுன்னு" என்றாள். "மாப்பிள்ளை அழலையா?" என்று கேட்டேன். "அவனா? தெருவே எந்திரிக்கும்." "மிளகு ரசம் குடிச்சும்?" சௌந்தரம் என்னை முறைத்தாள். அந்த முறைப்பு எனக்குப் பிடித்தது, முதல் தடவையாக. பிறகு டப்பாவை மேசைமேல் வைத்தாள், திருப்பி வைத்தாள், எழுந்துபோய் ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்தாள், நித்யாவுக்கு எட்டாத உயரத்தில். "மிச்சம் இருக்கா கொழம்பு?" "உங்க மருமக வழிச்சுட்டா." "ஒரு வாய்கூடவா வைக்கல?" என்றாள் நித்யாவைப் பார்த்து, நிஜமான கோபத்தோடு. நித்யா சிரித்துவிட்டாள், சத்தமாக, மூன்று வாரத்தில் இல்லாத சிரிப்பு, அந்தச் சத்தத்தில் என் கையில் கிடந்தது உலுக்கிக்கொண்டு விழித்தது. முகம் சுருங்கியது. முழங்கால் மேலே போனது. மாதுளம்பழம். ஆரம்பித்தாள்.

மூன்று பேரும் பார்த்தோம். ஃப்ரிட்ஜை யாரும் பார்க்கவில்லை. "குடுங்கப்பா" என்று நித்யா கையை நீட்டினாள். "இரு. இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு" என்றேன். "நீ போய்ச் சாப்பிடு. அப்பளமில்லாம ஏதாவது." சௌந்தரம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். டப்பாக்கள் உருளுகிற சத்தம். "மொச்சைய எங்க வெச்சிருக்கீங்க சம்பந்தி? இப்பவே ஊறப்போட்டாத்தான் நாளைக்கு வேகும்." அப்படியானால் ராத்திரி தங்கப்போகிறாள். தொலைந்தேன். "மேல்தட்டு, சிவப்பு மூடி" என்றேன். காலண்டர், டிவி, செருப்பு ஸ்டாண்டு. கத்து. தோளில் போட்டேன். தட்டினேன்.